ஃபெர்கஸ் நிறுத்திய இடம்

மேடையில் பிடில் வாசித்த இவனும் அதே இடத்தில் நிறுத்தினான்.

மெட்டின் இரண்டாம் பாதி, உச்ச ஸ்வரத்துக்கு ஏறும் இடம். வில்லைத் தந்தியின் மேலேயே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, ஒரு நிறுத்தம். பிறகுதான் ஸ்வரம்.

ஈரக் கோட்டுகளோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். நடுவர் லம்ஸ்டன் ஏதோ குறித்துக்கொண்டார். பியானோவில் நான் கீழ் ஸ்வரம் ஒன்றைத் தொட்டுவிட்டு அவனுக்காகக் காத்திருந்தேன். காலையிலிருந்து இதே வேலை. இடுப்பு விட்டுப்போய்விட்டது.

இடைவேளையில் தேநீர் ஊற்றிக்கொடுத்த டூகி சிரித்தான்.

"என்ன நெட்டா, தூக்கத்துல வாசிச்சாக்கூட அந்த எடத்துல கரெக்டா நின்னுடுவ போலிருக்கே!"

"தூங்க விட்டாத்தானே," என்றேன்.

போட்டி என் அண்ணன் ஃபெர்கஸின் பெயரில் நடப்பது. அவன் இசைத்தட்டில் வாசித்த மெதுவான மெட்டைத்தான் கோப்பைக்கு வாசிக்க வேண்டும். எங்கள் ஆற்றோரத்துப் பிடில்காரர்களில் அந்தத் தட்டு இல்லாதவர் கிடையாது. தேயத் தேயக் கேட்டு, அவன் வில்லின் ஒவ்வொரு வெட்டையும் பிடித்துவிட்டார்கள். அந்த நிறுத்தத்துக்கு மட்டும் தனி மதிப்பெண். ஃபெர்கஸ் பாணி என்கிறார்கள்.

பாணியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

ஒலிப்பதிவு அன்று பியானோவில் இருந்தவள் நான். அந்த இடத்தில் அவனுடைய வலது கை நின்றுவிட்டது. இழுக்கப் பார்க்கிறான், கை கேட்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. வெறுமை தெரியாமலிருக்க நான் கீழ் ஸ்வரம் ஒன்றைத் தொட்டேன். கை திரும்பியது, எப்படியோ முடித்தான். பதிவு செய்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறை வேண்டவே வேண்டாம், இதுதான் என்றார்.

அதுதான் தொடக்கம். எங்கள் அப்பாவைக் கொண்டுபோன அதே நோய். கடைசியில் ஃபெர்கஸால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அவன் மகள் ஷோனாதான் ஊட்டிவிட்டாள். என்னை மட்டும் நோய் விட்டுவிட்டது. ஏன் என்று யாரைக் கேட்பது?

லம்ஸ்டனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தங்கை துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்பதுபோல் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதோடு விட்டுவிட்டேன். வருடா வருடம் வந்து உட்கார்ந்து, எல்லாரோடும் சேர்ந்து அந்த இடத்தில் காத்திருக்கிறேன்.

இடைவேளை முடிந்ததும் ஷோனாவின் முறை. அவள் போட்டிக்கு வருவது இதுதான் முதல் தடவை. சுருதி சேர்க்கிற சாக்கில் பியானோ பக்கம் குனிந்தாள்.

"நான் அங்க நிறுத்த மாட்டேன் அத்தை. அப்பாவோட நோயை நான் எதுக்கு வாசிக்கணும்? நல்லா இருந்தப்ப வீட்ல எப்படி வாசிப்பாரு, தங்கு தடையில்லாம? அதைத்தான் வாசிக்கப் போறேன். கோப்பை போனா போகட்டும். நீங்களும் காத்திருக்காதீங்க, மேல போயிடுங்க."

அவன் நன்றாக இருந்தபோது வாசித்ததை இந்தக் கூடம் ஒரே ஒரு தடவையாவது கேட்கட்டும். இத்தனை வருடமாக எனக்கு இருந்த ஆசையும் அது ஒன்றுதான்.

ஆரம்பித்தாள். முதல் பாதியிலேயே எனக்கு இடுப்பு வலி மறந்துபோயிற்று. அவன் அடுப்படியில் நின்று வாசிப்பானே, அந்த வாசிப்பு. அவசரமில்லை, அலட்டல் இல்லை. லம்ஸ்டன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டாம் பாதி வந்தது. ஏறினாள். நான் காத்திருக்காமல் மேலே போனேன்.

பியானோ மட்டும் கேட்டது.

ஷோனாவின் வில் தந்தியின் மேல் அப்படியே நின்றிருந்தது. அவள் கண்ணை மூடவில்லை. என்னைப் பார்த்தாள்.

என் இடது கை தானாகப் போய்க் கீழ் ஸ்வரத்தைத் தொட்டது.

பிறகு வில் நகர்ந்தது. அவளும் முடித்தாள்.

கூடமே எழுந்து கைதட்டியது. பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கோப்பையை நீட்டும்போது லம்ஸ்டனுக்குக் குரல் தழுதழுத்தது.

"அந்த நிறுத்தம் இருக்கே... உங்கப்பாவே வந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சும்மா."

ஷோனா இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

வெளியே மழை. காரின் கதவைத் திறந்துவிட்டேன். அவள் ஏறாமல் நனைந்துகொண்டு நின்றாள்.

"நான் நிறுத்தல அத்தை," என்றாள்.