மணியம்மாளுக்கு விழுந்த ஓட்டு

கடைசியாக வந்த பெண்ணும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு விலகி நின்றாள்.

கங்கையம்மன் கோயில் வாசலில் மீனவர் குப்பமே கூடியிருந்தது. ஏரிப் பக்கமிருந்து வாடை அடித்தது. தட்டு முழுக்கக் கரி.

காலையில்தான் மீஞ்சூரில் ஓட்டு எண்ணி முடித்திருந்தார்கள். குப்பம்தான் ஊராட்சியின் ஐந்தாவது வார்டு, பெண் வேட்பாளர்களுக்கு ஒதுக்கியது. பூட்டுச்சாவிச் சின்னத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. ஏணிக்கு ஒன்றுமில்லை. சுயேச்சையாக நின்ற மணியம்மாளுக்கு ஒன்று.

அந்த ஒன்றைத்தான் பிற்பகலிலிருந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

குப்பத்துக்குக் கட்சிகள்மேல் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிவிட்டது. யார் ஜெயித்தாலும் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடித்தான் கிடந்தது. நமக்குள் அடித்துக்கொள்ளாமலாவது இருப்போம் என்று, கட்சிகள் நிறுத்தியவர்களின் இரண்டு சின்னங்களையும் சீட்டில் எழுதிக் குலுக்கினார்கள். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று பாடு பிரிப்பதும் அப்படித்தான். பூட்டுச்சாவி வந்தது. எல்லோரும் அதற்கே போடுவதாக அம்மன் முன்னால் சத்தியம் செய்தார்கள். ஏணியில் நின்ற பூவிழியும் செய்தாள். சொன்னபடி தன் ஓட்டையும் பூட்டுக்கே போட்டாள். தன் ஏணியில் தானே ஏறாதவள் என்று பெண்கள் அவளைக் கேலி செய்தார்கள்.

சத்தியத்தை மீறியவருக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது. பாடு இல்லையென்றால் அடுப்பு எரியாது.

மணியம்மாளுக்கு இந்த வார்டில் ஓட்டே இல்லை. கணவன் தருமன் கடலுக்குப் போய்த் திரும்பாத வருஷம், பக்கத்து வார்டிலிருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் இறந்துவிட்டான் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்கும் மகளுக்கும் உதவி கிடைக்கும். அதற்கு ஊராரின் சாட்சிக் கையெழுத்து வேண்டும்.

ஊர்த்தலைவர் வரதன் ஐந்து வருஷமாக ஒரே பதிலைத்தான் சொன்னார். உடம்பு கிடைக்கவில்லை. யாரும் பார்க்காததை எப்படிச் சத்தியமாக எழுதுவது? அவர் கெட்டவர் அல்ல. கையெழுத்தும் கற்பூரமும் அவருக்கு ஒன்று.

முந்தைய தேர்தல்களில் இரண்டு கட்சிக்காரர்களும் தாங்கள் வாங்கித் தருவதாகச் சொல்லி மணியம்மாளிடம் மனு வாங்கிப் போனார்கள். ஓட்டு எண்ணியதும் மறந்தார்கள். அதனால்தான் இந்த முறை அவளே நின்றாள்.

இப்போது அவள் கோயிலுக்கு ஓடிவந்திருப்பது தோற்றுப்போன வருத்தத்தில் அல்ல. தன்மேல் இரக்கப்பட்ட ஒரு ஜீவன் அதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது.

“எனக்குப் போட்டவங்கள வுட்டுடுங்க மாமா. ஐயோ பாவம்னுதான் போட்டுருப்பாங்க.”

வரதன் அவளைப் பார்க்கவில்லை. கரித்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நான் இல்லை என்று அடித்துவிட்டார்கள். இந்த அம்மன் முன்னால் பொய்க்கை வைத்தவர் இந்தக் குப்பத்தில் இல்லை.

ஓட்டோ இருநூற்றுப் பதின்மூன்று.

வாக்குச்சாவடியில் ஊர் சார்பாக உட்கார்ந்திருந்தவர் டீசல் கடை கண்ணப்பன். வந்தவர்களை இன்னார் என்று அடையாளம் சொல்லி, பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே கோடு போடுவது அவர் வேலை. அந்தப் பட்டியலை எடுத்துவரச் சொன்னார்கள்.

கோடு போட்ட பெயர்களைக் கண்ணப்பன் ஒவ்வொன்றாக வாசித்தார். பெயருக்குரியவர்கள் கை தூக்கினார்கள். சிலர் வேண்டுமென்றே இரண்டு கையையும் தூக்கிச் சிரிக்கவைத்தார்கள்.

நான்காவது பக்கத்தில் அவர் குரல் நின்றது. பிறகு மெதுவாக வாசித்தார்.

தருமன்.

யாரும் கை தூக்கவில்லை.

இறந்ததற்குச் சான்று இல்லாததால் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அதற்கு நேரே கண்ணப்பனின் கோடு இருந்தது.

கள்ள ஓட்டுப் போட எவனையாவது இறக்கினார்களா, அவன் எந்த ஊர்க்காரன் என்று வரதன் அதட்டினார்.

கண்ணப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“தருமந்தான் வந்தான். மத்தியானம், கூட்டமில்லாத நேரம். நம்ம ஆளுதான்னு நாந்தான் சொன்னேன். அவன் கடல்ல போனவனாச்சேனு அப்ப எனக்குத் தோணவே இல்ல மாமா. இதோ, பேர வாசிக்கிறப்பதான் தோணுது.”

இன்னா பேசினான் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“வாயெல்லாம் உப்பா கீது கண்ணப்பா, கொஞ்சம் நல்ல தண்ணி குடுன்னான். பாவமா இருந்துச்சு. பாட்டிலோட குடுத்தேன். மூச்சு வுடாம அம்புட்டையும் குடிச்சான்.”

யாரோ தட்டில் மிச்சமிருந்த கற்பூரத்தை ஏற்றினார்கள். அதை அடிக்க யாரும் முன்வரவில்லை. அது தானாக எரிந்து முடிந்தது.

மணியம்மாள் அழவில்லை. கண்ணப்பனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அரசாங்கக் கணக்கில் தருமன் போன வாரம் உயிரோடு வந்து ஓட்டுப் போட்டவன். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

வரதன் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மணியம்மாளிடம் வந்து கையை நீட்டினார்.

“சாட்சிக் காகிதத்தக் குடும்மா. வாயெல்லாம் உப்போட வந்தவனக் கண்ணப்பன் பாத்துட்டான். செத்துட்டான்னு இனிமே சத்தியமா எழுதலாம்.”