மணல் பானை

பரிசோதனைக் கூடத்துப் பெண் இரண்டு பாட்டில்களையும் மேஜையில் தள்ளித் தள்ளி வைத்தாள்.

ஒன்றில், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் வீட்டு போர்வெல் குழாய்த் தண்ணீர். மற்றதில் அதையே அடுப்படி மணல் பானையில் ஊற்றி வடித்த தண்ணீர்.

“ரெண்டும் ஒரே தண்ணிதாம்மா,” என்றார் அவர்.

அவள் முடிவுத் தாளைப் பிரித்தாள்.

போன வருடம் மனைவி போனதிலிருந்து, தண்ணீர்தான் அம்மாவைக் கொன்றது என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டுமாம். அவள் வீட்டில் ஒரு அறை தயாராக இருக்கிறது. கட்டில்கூடப் போட்டுவிட்டாள்.

அவருக்குப் போக மனமில்லை. பின்கட்டு வாசலில் மனைவியின் செருப்பு கிடக்கிறது. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குவார். இன்னொரு வீட்டில் அப்படியெல்லாம் பெருக்க முடியாது.

மகளிடம் அவர் சொல்லிவந்தது ஒரே பதில்தான். அதே தண்ணீரைத்தானே நானும் குடித்தேன், நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கவில்லையா?

எதிர்த்துப் பேசி அலுத்துப்போன மகள், பரிசோதனை சொல்கிறபடி நடக்கலாம் என்று ஒத்துக்கொண்டாள். இரண்டு பாட்டிலிலும் பிடித்துக் கொடுக்கச் சொன்னதும் அவள்தான்.

குழாய்த் தண்ணீரில் ஆர்சனிக் இருந்தது. வருடக்கணக்கில் குடித்தால் ஆளை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும் அளவு.

பானைத் தண்ணீரில் இல்லை.

“பானைல இருக்கற மணல் சிவந்து கிடக்கா சார்?”

சிவந்துதான் கிடந்தது.

அந்தத் தண்ணீரில் இரும்பு அதிகம், அது மணலில் துருவாகப் படியும் என்றாள். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆர்சனிக் துருவைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்ளும், லேசில் விடாது. தண்ணீர் மட்டும் கீழே இறங்கும். துருவில் ஒட்ட இடம் தீர்ந்துபோவதற்குள் மணலை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. லேத் பட்டறையில் காலமெல்லாம் உப்புத்தாளும் கையுமாகத் துருவைத் தேய்த்து விரட்டியவர் அவர். அவரைக் காப்பாற்றியது துருவாம்.

பானையை வைத்தது மனைவி. போர்வெல் தண்ணீரில் இரும்பு வாடை அடிக்கிறது, தொண்டைக்குள் இறங்கமாட்டேன் என்கிறது என்று அவர் முகத்தைச் சுளித்ததால் வைத்தாள். வாடை லேசாகத் திரும்பினாலும் அவர் டம்ளரை ணங்கென்று வைப்பார். அவள் அன்றைக்கே மணலை மாற்றுவாள். ராஜா வீட்டு நாக்கு என்று திட்டிக்கொண்டேதான் மாற்றுவாள்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி இறங்கும்?”

“ஒரு ஜக்கு வரும். சொட்டு சொட்டாத்தான் இறங்கும்.”

“வீட்ல எத்தன பேரு சார்?”

“நான் மட்டுந்தான்.”

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். “அப்ப பயமே இல்ல. ஒருத்தருக்கு அது தாராளமாப் போதும். நீங்க அங்கயே இருக்கலாம்.”

அவர் ஜெயித்துவிட்டார். வீட்டைப் பூட்ட வேண்டாம். செருப்பை எடுக்க வேண்டாம்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. மகள்தான். முடிவைக் கேட்கத் துடித்துக்கொண்டிருப்பாள்.

அவர் அதை எடுக்கவில்லை.

ஒரு ஜக்கு. காலையில் அவருக்கு இரண்டு டம்ளர். பட்டறைக்கு ஒரு பாட்டில். ராத்திரி தலைமாட்டில் ஒரு சொம்பு. அதோடு ஜக்கு காலியாகிவிடும். இத்தனை வருடமும் அப்படித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவி எழுந்து குழாயடிக்குப் போவாள். குனிந்து, கையைக் குவித்து, மடக் மடக்கென்று குடிப்பாள். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

அந்த வாடைத் தண்ணீரை எப்படித்தான் குடிக்கிறாயோ என்று அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

“எனக்கு ஒண்ணும் தெரியல,” என்றாள்.