மூன்றாவது மாடிக் கேமரா

முதல் வரியை இன்னும் கோமதி அடிக்கவில்லை.

நாற்காலிக்குப் பின்னால் அலுவலக மேலாளர் ராஜாமணி நின்றுகொண்டிருந்தார். மதியம் இரண்டரை மணி. சாப்பிட்ட கையோடு வந்துவிட்டார் போலிருக்கிறது; மோர் வாசனை அடித்தது.

கேட்டது சின்ன வேலைதான். கல்லூரிப் பெண்கள் விடுதியின் கேமராக்களுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே ஒரு லினக்ஸ் கணினிப் பெட்டி இருக்கிறது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று அதில் வரிவரியாக விதி எழுதியிருக்கும். இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். மூன்றாவது மாடி நடைபாதைக் கேமரா, எல்லாரும் சின்னவர் என்கிற தாளாளர் மகனின் செல்போனில் தெரிய வேண்டும்.

பாதுகாப்புக்காம்.

அந்த ஒரு சொல்லை வைத்து எதை வேண்டுமானாலும் பூசி மெழுகலாம். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகாத பெண்களின் பாதுகாப்பு என்று சொல்லித்தான் போன மாதம் இதே வரியை அவளை எழுத வைத்தார்கள். அவளும் எழுதினாள். நான்கு நாள் கழித்து அழித்தாள். ஒழுங்காக வேலை பார்த்ததாக நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் இரண்டாம் ஆண்டு பிரிசில்லா வந்து நின்றாள்.

"லைப்ரரி வாசல்ல சின்னவர் என்னய நிறுத்தி, அந்தச் சிவப்பு நைட்டி உனக்கு எடுப்பா இருக்குன்னாரு மேம். அதப் போட்டுக்கிட்டு நான் ரூமுல இருந்து பாத்ரூமுக்கு மட்டுந்தான் போனேன். அவருக்கு எப்பிடித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்று கோமதிக்குத் தெரியும்.

முதல்வரிடம் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பெரிய இடத்து விஷயம், கண்டும் காணாமல் இருந்துவிடுங்கள் என்றார். அது அவருக்கு நன்றாகவே வரும்.

அவள் அடிக்கத் தொடங்கினாள்.

அந்தப் பெட்டி விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். எது முதலில் பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். அதனால் எழுத வேண்டியதை உச்சியிலேயே எழுதினாள். மூன்றாவது மாடிக் கேமராவிலிருந்து விடுதியை விட்டு எதுவும் வெளியே போகக் கூடாது.

யார் கேட்டாலும்.

மறுப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கேட்டவனுக்குப் பதிலே சொல்லாமல் விட்டுவிடுவது. கதவைத் தட்டித் தட்டி அவனே ஓய்ந்துபோவான். இன்னொன்று, முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புவது. முதலாவதுதான் பத்திரம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். பதினொரு வருடமாக அவளும் அதையே எழுதி வந்தாள்.

இன்று இரண்டாவதை எழுதினாள்.

ஒவ்வொரு விதிக்கும் மேலே, யார் சொல்லி எழுதியது என்று ஒரு குறிப்புப் போடுவது வழக்கம். போன மாதம் 'தாளாளர் அலுவலகம்' என்று போட்டிருந்தாள். இப்போது போட்டாள்: கோமதி. யாரும் சொல்லி அல்ல.

ராஜாமணி எட்டிப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. எல்லாம் விளங்கியவர்போலத் தலையாட்டினார்.

அடுத்தது அவளுடைய வரி. இந்த மேசையிலிருந்து, விடுதி வார்டன் அறையில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் நுழைய அவளுக்கு வழிவிடும் வரி. தூரத்துப் பெட்டியில் கை வைக்கிற யாரும் முதலில் அதைத்தான் பார்த்துக்கொள்வார்கள். மறந்தால் தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். சென்னையில் முதல் வேலையில் அப்படிப் பூட்டிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் வரை பஸ் பிடித்துப் போய்த் திறந்தவள் அவள். அதற்குப் பிறகு, ஐந்து நிமிடத்தில் பழைய விதிகள் தாமாகத் திரும்பும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் எதையும் தொடுவாள்.

இன்று அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை.

தன் வரியையும் அழித்தாள்.

நாளைக்கே இந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைப்பார்கள். அவன் திறந்து கொடுப்பான். கொடுக்கட்டும். ஆனால் இங்கிருந்து முடியாது. விடுதிக்குள் போக வேண்டும். வார்டன் அறையில் கீபோர்டை மாட்டி, நூற்று அறுபது பெண்கள் பார்க்க, என்ன சார் செய்கிறீர்கள் என்று கேட்கக் கேட்க, செய்ய வேண்டும்.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இதை விட்டால் இந்த ஊரில் அவள் படிப்புக்கு வேறு வேலை கிடையாது. பயத்தைவிடக் கோபம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கரண்ட் போய் வந்தாலும் மாறாதபடி சேமித்தாள்.

எண்டரைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு எந்த விசையைத் தட்டியும் திரையில் எழுத்து விழவில்லை.

ராஜாமணியின் செல்போன் அடித்தது. எடுத்தவர் முதுகை வளைத்து இரண்டு தடவை "ஆமாங்கய்யா" சொன்னார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கோமதி, முடிஞ்சுதாம்மா? சின்னவர் கேக்காரு."

"முடிஞ்சுது சார். குடுங்க, நானே சொல்லுதேன்."

போனை வாங்கினாள். ஸ்பீக்கரைப் போட்டு மேசை நடுவில் வைத்தாள். அலுவலகத்தில் ஏழு பேர் இருந்தார்கள்.

"சிஸ்டம் அட்மின் கோமதி பேசுதேன் சார். கேமராவ அடைச்சிட்டேன். இங்க இருந்து இனி என்னாலயும் திறக்க முடியாது. உங்களுக்கு எந்த மாடி வேணும், எதுக்கு வேணும்னு நீங்களே ஒரு தடவ சொல்லிருங்க. இங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

ராஜாமணியின் கை போனை நோக்கி வந்து பாதியில் நின்றது.



டைப் அடித்துக்கொண்டிருந்த செல்லம்மாள் எழுந்து போய், அவர் சொல்வது நன்றாகக் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.