பின் சீட் இல்லாத வண்டி

மச்சான் தெருமுனையில் திரும்புவது தெரிந்ததும் பம்ப் ஆபரேட்டர் வாசற்படியிலிருந்து எழுந்துகொண்டார்.

மணி ஐந்தரை. கையில் சாப்பாட்டுப் பை, தலையில் குல்லா. பதினோரு வருடமாக மனைவியின் தம்பி இந்த நேரத்துக்கு இப்படித்தான் வந்து நிற்பார். ஆபரேட்டருக்குக் குடிநீர் நிலையத்தில் காலை ஷிஃப்ட். அதற்குப் பின்தெருவில் மச்சானின் பார்சல் ஆபீஸ். போகிற வழிதானே என்று ஒரு நாள் வண்டியில் ஏறியவர், அதன்பிறகு விடவே இல்லை.

ஆள் தொண்ணூறு கிலோ. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சைத்தான் தாங்க முடியாது.

பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுவதில் ஆரம்பித்து உலகப் போர் வரைக்கும் போவார். நடுநடுவே தோளைத் தட்டி, "என்ன மாமா, நான் சொல்றது சரிதானே?" என்பார். பதில் வரும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்.

இனிமேல் நீ பஸ்ஸில் போ என்று சொல்ல ஆபரேட்டருக்கு வாய் வரவில்லை. தம்பியை ஒரு வார்த்தை சொன்னால் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில்.

ஆகவே மச்சானின் ரம்பத்துக்கு அவர் நிஜ ரம்பத்தையே கையில் எடுத்தார்.

நாலு மாதம். லீவு நாளெல்லாம் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில், இருபத்திரண்டு வயதான தன் பைக்கைக் கழற்றிப் போட்டு வேலை பார்த்தார். கேட்டவர்களிடம் "கஃபே ரேசர்" என்றார். பழைய காலத்துப் பந்தய வண்டி மாதிரி இருக்கும். தாழ்ந்த ஹேண்டில், பின்னால் தள்ளி வைத்த கால்மிதி, மொட்டை சைலன்சர்.

உண்மையான வேலை பின்பக்கத்தில்தான். ஃபிரேமில் ஒரு முழத்தை அறுத்தெடுத்தார். வளைந்த குழாய் ஒன்றை வெல்டிங் வைத்து அந்த முனையை மூடினார். அதன்மேல் ஒரே ஒரு ஆளுக்கான சீட். சீட்டின் வாலில் ஒரு திமில். அதில் பூனைகூட உட்கார முடியாது. எதற்கும் இருக்கட்டும் என்று அதைச் சரிவாக வேறு வைத்தார்.

மனைவி ஒரே ஒரு தடவை வந்து பார்த்தாள்.

"சத்தம் நல்லா வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த நாலு மாதமும் ஆபரேட்டர் பஸ்ஸில் போனார். மச்சான் ஒரு நாள்கூடக் கண்ணில் படவில்லை. ஓசி சவாரி இல்லையென்றதும் ஆளையே காணோம் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

இன்றைக்கு வண்டி தயாராக வாசலில் நிற்கிறது. மச்சானும் வந்து நிற்கிறார்.

பேச்சு இல்லை. பதினோரு வருடத்தில் முதல்முறை.

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். திமிலை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். சீட்டை ஜாண் போட்டு அளந்தார். ஆபரேட்டர் மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த சமாதானத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாமா."

உதைத்தார். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஏறி உட்காருங்க."

உட்கார்ந்தார். ஹேண்டில் எங்கேயோ கீழே கிடந்தது. அதைப் பிடித்தபோது முதுகு வில்லாக வளைந்து, மோவாய் மீட்டருக்கு மேல் வந்து நின்றது.

மச்சான் குனிந்து அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இந்தக் கூத்துல எவனுக்கு மாமா தூக்கம் வரும்? அப்பாடா, நான் பிழைச்சேன்."

ஆபரேட்டர் இன்ஜினை அணைத்தார். "என்ன மச்சான் சொல்ற?"

"வண்டி ஓட்டிக்கிட்டே தூங்கி மணல் குவியல்ல ஏறினீங்களே, பதினோரு வருஷம் முன்னாடி. பிரேக் பிடிக்கலன்னு வீட்ல கதை விட்டீங்க. அக்கா நம்பல. பின்னாடி உட்கார்ந்து பேசிக்கிட்டே போடா, பதில் வர்ற வரைக்கும் விடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. நாளைக்கு என்ன பேசறது, நாளைக்கு என்ன பேசறதுன்னு யோசிச்சே எனக்கு முடியெல்லாம் கொட்டிருச்சு."

ஆபரேட்டர் அவருடைய குல்லாவைப் பார்த்தார். நாலு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சத்தமில்லாமல் இறங்கிப் போனது. வெட்கமாகவும் இருந்தது. சிரிப்பும் வந்தது.

"வரேன் மாமா. மெதுவா போங்க."

மச்சான் பையை எடுத்துக்கொண்டு, விசில் அடித்தபடி சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார்.

"மச்சான், அது ஊரோட அந்தக் கோடிக்குப் போற பஸ். உன் ஆபீசுக்கு இந்தப் பக்கம் நிக்கணும்."

"ஆபீசை அங்க மாத்தி ஆறு வருஷமாச்சு மாமா" என்றார் மச்சான். "அக்காகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சிருந்தா பாவம்னு என்னை விட்டிருப்பா."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.