பல்லி திருத்திய பிழை

கூரை போடாத ஒரு புது வீட்டுச் சுவரில், விஷயம் தெரிந்த பல்லி ஒன்று இருந்தது. கூரைக்கு மரத்தில் கைமரம் வைப்பதா, இரும்பு ட்ரஸ் போடுவதா என்று வீட்டுக்காரர் மூன்று நாளாக ஆசாரியோடு பேசிக்கொண்டிருந்தார். பல்லிக்குக் கைமரம்தான் வேண்டும். மர இடுக்கு இல்லாவிட்டால் முட்டையை எங்கே வைப்பது?

"கைமரத்தின் சிறப்புகள் பதினொன்று," என்று பக்கத்து மரத்து அணிலிடம் ஆரம்பித்தது.

"பதினொண்ணும் வேணாம் அக்கா. அவர் வாயில கைமரம்னு வர்ற நேரம் பார்த்து ஒரு சத்தம் கொடுங்க. உங்க வாக்குக்கு அப்பீல் ஏது?" என்றது அணில்.

பல்லி காத்திருந்தது.

"ட்ரஸ்ஸுன்னா சூடே இறங்காதாமே?" என்றார் வீட்டுக்காரர்.

இரும்பில் சூடு இறங்காதா! இப்படி ஒரு பிழையைத் திருத்தாமல் விடப் பல்லிக்கு மனம் வரவில்லை. "ச்சு, ச்சு, ச்சு" என்றது.

வீட்டுக்காரர் பயபக்தியோடு சுவரை விரலால் தட்டினார். "கேட்டீங்களா ஆசாரி? பல்லியே சொல்லிடுச்சு. ட்ரஸ்ஸே போடுங்க!"

சித்திரை வந்தது. பல்லி ட்ரஸ்ஸின் மேல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.

"சுடுதா அக்கா?" என்றது அணில்.

"நான் அன்றைக்கே சொன்னேனே," என்றது பல்லி.