வெள்ளையடித்த சுவர்

"அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே!"

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்த டோரு, வாசலிலேயே நின்றுவிட்டான். காலையில் கறுகறுவென்று பூசணம் படர்ந்திருந்த சுவர், இப்போது பளீரென்று வெள்ளையாக இருந்தது.

கையில் சுண்ணாம்பு பிரஷோடு மனைவி ரோதிகா பெருமையாகத் திரும்பினாள்.

"எப்படி இருக்கு?"

"நாசமாப் போச்சு! நகரசபையிலேர்ந்து இன்னைக்கு எதுக்கு வராங்க? இந்தப் பூசணத்தைப் பார்க்கத்தானே! அதைப் பார்த்தாதான் நமக்குக் குறைஞ்ச வாடகையில வேற வீடு கொடுப்பாங்க!"

"அதுக்காக? வீட்டுக்கு வர்ற மனுஷியை அசிங்கம் புடிச்ச சுவர் முன்னால உட்கார வைக்கணுமா? என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

டோருவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டினால் தலையெல்லாம் சுண்ணாம்பாகும்.

மூன்று வருஷமாக நகரசபைக்கு நடையாய் நடந்தவன். தரைக்குக் கீழே இருக்கும் இந்த ஒற்றை அறையின் ஈரத்தில், நாலு வயது மிருனா குளிர்காலம் பூராவும் மூச்சுக்குத் திணறினாள். அவளுக்காகத்தான் இந்த அலைச்சலெல்லாம்.

கதவு தட்டப்பட்டது. பரிசோதனை அதிகாரி திருமதி நெகுரா. சிரிக்கவே தெரியாத முகம்.

"ஈரம், பூசணம்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. எங்கே?"

"காலையில இருந்துச்சு மேடம்!"

"காலையில இருந்துச்சா! மத்தியானம் லீவுல போயிடுச்சா?"

ரோதிகா நடுவில் புகுந்தாள். "முதல்ல உட்காருங்க மேடம். பாலாடைக்கட்டி வெச்சுச் சுட்ட ரொட்டி, பிளசிந்தா, சூடா இருக்கு."

நெகுரா உட்கார்ந்தாள். ஒன்று தின்றாள். இன்னொன்று எடுத்தாள். டோரு சுவரைக் காட்டினான்.

"மேடம், அந்தச் சுவரைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்களேன்."

"சுரண்டறது என் வேலை இல்ல. கண்ணுக்குத் தெரியறதைத்தான் எழுதுவேன். எனக்குத் தெரியறது வெள்ளைச் சுவர்."

மூலைக் கட்டிலில் மிருனா இருமினாள். இழுத்து இழுத்து, அடங்காத இருமல்.

"யாரு அது?"

"எங்க பொண்ணு மேடம்."

"ம்." மூன்றாவது பிளசிந்தாவை எடுத்துக்கொண்டாள். "மிச்சத்தைக் கட்டிக் கொடும்மா."

ரோதிகா மகிழ்ச்சியோடு கட்டிக் கொடுத்தாள். தின்றதும் போதாமல் கட்டிக்கொண்டு வேறு போகிறாளே என்று டோரு பல்லைக் கடித்தான். இனி வீடு கிடைத்த மாதிரிதான்!

வாசல் வரை போன நெகுரா நின்றாள். வாயோரத்துத் துணுக்கைத் துடைத்தாள்.

"தம்பி, இன்னைக்கு நான் வந்தப்போ உங்க வீடு பூட்டியிருந்துச்சு. ஆளே இல்ல. திரும்பிப் போயிட்டேன். புரியுதா?"

டோருவுக்குப் புரியவில்லை. திருதிருவென்று விழித்தான்.

"ரெண்டு மழை பெய்யட்டும். பூசணம் தானா வெளியே வரும். அப்புறமா வந்து பார்த்து எழுதறேன்."

பிறகு ரோதிகாவின் பக்கம் திரும்பி விரலை ஆட்டினாள்.

"அதுக்குள்ள மறுபடி பிரஷைத் தொட்டே, கையை முறிச்சிடுவேன். மரியாதை பண்ணணும்னா, பிளசிந்தா மட்டும் போதும்!"