மூன்றாவது நடவு

விசைப்படகுகளின் இழுவை மடி வலை சுரண்டிச் சுரண்டி, அந்தக் கடலின் தரை மொட்டையாகிக் கிடந்தது. பாசி எடுக்க மூழ்கும் இருதயமேரியும் அவள் நாத்தனார் செல்வராணியும் அங்கே கடல்புல் நட்டார்கள். மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, கயிற்றில் புல்லை முடிந்து, இரண்டு ஆள் ஆழத்தில் இறக்கி வைத்தார்கள். முதல் நடவையும் இரண்டாம் நடவையும் மடி வாரிக்கொண்டு போனது. "கடலுக்குள்ள வெவசாயமா?" என்று கரையில் சிரித்தார்கள். இருதயமேரி மூன்றாவது முறையும் மூங்கில் வெட்டினாள்.

ஆறு மாதத்தில் புல் சட்டத்தைத் தாண்டிப் படர்ந்தது. ஏழாம் மாதம் ஒரு காலையில், முதலில் மூழ்கிய செல்வராணி அழுதுகொண்டே மேலே வந்தாள்.

"மறுபடியும் போச்சு மதினி. வேரோட பேத்துப் போட்டிருக்கு."

இருதயமேரி மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினாள். சட்டங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. புல்லின் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணல் தடம் ஓடியது. அதில் விரலை வைத்தபடியே நீந்திப் போனாள். தடம் வளைந்தது, நின்றது, சற்றுத் தள்ளி மறுபடி தொடங்கியது.

மேலே வந்தவள் முகத்தில் வழிந்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை.

"மடின்னா நேரா இழுத்திருக்கும்டி. இது வளைஞ்சு வளைஞ்சு போயிருக்கு. ஆவுளியா வந்து மேஞ்சிருக்கு."

செல்வராணி பிறந்ததிலிருந்து ஆவுளியா என்கிற அந்தக் கடற்பசுவைக் கண்ணால் பார்த்ததில்லை. "நாம கஷ்டப்பட்டு நட்டதை அது தின்னுட்டுப் போகவா?"

"பின்ன யாருக்கு நட்டோம்?" என்றாள் இருதயமேரி, வள்ளத்தில் கிடந்த கயிற்றை இழுத்தபடி. "சீக்கிரம் புல்லை முடி. இம்புட்டும் அதுக்கு ஒரு வாரத்துக்குக் காணாது."